வெளிநாட்டு அனாதை இல்லத்துக்குத் தன்னார்வ வேலைக்குக் கிளம்பும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

மார்த்தாண்டம் பக்கம் வருஷத்துக்கு ரெண்டு பேராவது இந்தக் கேள்வியோடு என்னிடம் வந்துவிடுகிறார்கள். "அண்ணா, படிப்பு முடிஞ்சாச்சு, வேலைக்குப் போறதுக்கு முன்னால ஒரு ரெண்டு மாசம் நேபாளத்திலயோ கம்போடியாவிலயோ அனாதை இல்லத்தில போய் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யணும், எப்படிப் போறது?" எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணிப் படிப்பு) முடித்தவர்கள், நர்சிங் முடித்துவிட்டு கல்ஃப் விசாவுக்குக் காத்திருப்பவர்கள், சபை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் என்று பல வகை. நான் போய் வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சாயாக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டியது: அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளா?

டிக்கெட், விசா, தடுப்பூசி எல்லாம் அப்புறம். இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நானே நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை போர்டிங்கில் வளர்ந்தவன். அப்பா இறந்துவிட்டார், அம்மா அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வேலைக்குப் போனார், வீட்டில் பிள்ளைகள் மூன்று, ஒருவனைப் போர்டிங்கில் விட்டால் சோறும் பள்ளிக்கூடமும் ஆச்சு என்று யாரோ சொல்ல, என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். நம் மாவட்டத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. நாகர்கோவிலில் மிஷன்காரர்கள் 1819இலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்கள், பின்னாலேயே போர்டிங்கும் லேஸ் பின்னுகிற வேலையும் வந்தது. அதில் படித்து ஆளானவர்கள் ஏராளம், நானும் அந்தக் கணக்கில் ஒருவன், அதனால் போர்டிங்கையே மொத்தமாகக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் இல்லத்துக்கு வருஷம் ஒருமுறை வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய், புது உடுப்பு, ஆக்‌ஷன் சாங். ஒருதடவை ஒருவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தார், அவர் போன பிறகு மூன்று நாள் கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பிறகு அந்தப் படம் ஒரு அச்சடித்த தாளில் வந்தது, கீழே என்னை அனாதை என்று போட்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு தடவைக்குப் பதில் ரெண்டு தடவை, புட்டு கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்க வந்தார்.

இவ்வளவு தெரிந்தவன்தான் 2013இல் காட்மண்டுவுக்குப் போய் அதே தப்பைச் செய்தேன். ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டினேன், ஆறு வாரம். என்னைப் பற்றி அவர்கள் கேட்ட ஒரே விவரம் டி-ஷர்ட் அளவு. போலீஸ் சான்றிதழ் இல்லை, பேட்டி இல்லை, என்ன படித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. போய் இறங்கிய அன்றே பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டார்கள், எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அதில் ஆறு வயதுப் பையன் ஒருவன், நான் எதைக் கேட்டாலும் "ஆமா" என்பான். "விளையாட வரியா?" என்றால் ஆமா. "தூக்கம் வருதா?" என்றால் ஆமா, கூடவே "காவுமா" என்று ஏதோ சொல்லி ஜன்னல் பக்கம் கை காட்டுவான். பரவாயில்லையே, தமிழ் கற்றுக்கொண்டான் என்று நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வாரம் சமையல்கார அக்கா அரைகுறை இந்தியில் விளக்கினார்: நேபாளியில் ஆமா என்றால் அம்மா. காவுமா என்றால் ஊரில். அம்மா ஊரில் இருக்கிறாள் என்றுதான் அவன் என்னிடம் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

இது ஒரு பையனின் கதை மட்டும் இல்லை. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், ஹும்லா மாதிரி தொலைவான மலை மாவட்டங்களில் தரகர்கள் போய், உங்கள் பிள்ளையைக் காட்மண்டுவில் நல்ல பள்ளியில் சேர்க்கிறேன் என்று பெற்றோரிடமே காசு வாங்கிக்கொண்டு கூட்டிவந்தார்கள். பிறகு பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாரானது, பிள்ளை அனாதை ஆனான். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது, அனாதைகள் கூடியதால் இல்லை. அங்கே இருந்த பிள்ளைகளில் நாலில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்ததை யுனிசெஃப் 2011இல் வெளிக்கொண்டுவந்தது. கூடியது சுற்றுலாக்காரர்களும் அவர்கள் கொண்டுவரும் காசும். ஆஸ்திரேலியா 2018இல் கொண்டுவந்த நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது, அனாதை இல்லத்துக்காகப் பிள்ளை பிடிப்பதையும் அடிமைமுறையின் ஒரு வகையாகவே எடுத்துக்கொண்டது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையும் இந்த இல்லச் சுற்றுலாவைப் பற்றித் தீர்மானத்தில் எச்சரித்தது. நீங்கள் கட்டும் பணமும் நீங்கள் எடுக்கும் செல்ஃபியும் அந்தத் தரகனுக்குத்தான் வியாபாரம் என்பது உறைக்கிறதா? சரி, உறைத்தபிறகும் போக நினைக்கிறவர்களுக்குத்தான் மீதி.

ஆறு மாதம் இங்கேயே

வெளிநாட்டுக்கு முன்னால் உள்ளூர். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை என்று எங்கே பார்த்தாலும் குழந்தைகள் இல்லம் இருக்கிறது, பக்கத்தில் ஒன்றில் வாரம் ஒருநாள் ஆறு மாதம் போய்ப் பாருங்கள். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி எந்த இல்லமும் பதிவு செய்திருக்க வேண்டும், பிள்ளைகள் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் உள்ளே வந்திருக்க வேண்டும். பதிவு விவரத்தை நாகர்கோவிலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். நல்ல இல்லம் என்றால் உங்களைச் சட்டென்று உள்ளே விடாது, போலீஸ் சரிபார்ப்பு கேட்கும், சிஸ்டரோ வார்டனோ கூடவே நிற்பார். அதற்குக் கோபப்படாதீர்கள். உங்களை நம்பாத இல்லம்தான் நல்ல இல்லம், வெளிநாட்டிலும் இதேதான் அளவுகோல்.

ஆறு மாதத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்: பிள்ளைகளோடு விளையாடுவது ஒரு மணி நேர வேலை, மீதி நேரம் வீட்டுப்பாடம், பேன் மருந்து, காய்ச்சல், சண்டை, படுக்கையில் சிறுநீர், பதிவேடு. பாதிப் பேர் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடுவார்கள், நிற்பது நல்லதுதான், ஆறு வாரம் காட்மண்டுவில் அழுவதற்கு ஆறு வாரம் இங்கே சலிப்பது மேல்.

இன்னொன்றையும் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். 2004 சுனாமியில் கொட்டில்பாடும் மணக்குடியும் கொளச்சலும் என்ன ஆயின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், 2017 ஒக்கி புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அப்பாவை இழந்த பிள்ளைகள் பலர் அம்மாவோடோ, பாட்டியோடோ, சித்தி வீட்டிலோ வளர்ந்து இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு, பிள்ளை வீட்டிலேயே வளர, மாதம் 4000 ரூபாய் கிடைக்கிறது. என் அம்மாவுக்கு அன்றைக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தால் நான் போர்டிங் கேட்டையே பார்த்திருக்க மாட்டேன். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். அதுவும் தன்னார்வ வேலைதான், பாஸ்போர்ட் வேண்டாம்.

எந்த நாடு, எந்த இடம்

என்னைக் கேட்டால் மொழி தெரிந்த நாடு. இலங்கையில் மட்டக்களப்பு, முல்லைத்தீவு, மலையகம் பக்கம் உங்கள் தமிழே போதும். அங்கே "சிறுவர் இல்லம்" என்பார்கள், பேச்சு நம் காதுக்குக் கொஞ்சம் மலையாள வாடையோடு கேட்கும், குமரிக்காரர்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. பிள்ளை சொல்வது உங்களுக்குப் புரியும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேலே சொன்ன "ஆமா" கதையிலேயே தெரிந்திருக்கும். நேபாளம் என்றால் ரெண்டு மாதமாவது அடிப்படை நேபாளி படித்துவிட்டுப் போங்கள். அண்ணனை அவர்கள் அழைக்கும் சொல் நம் காதில் கிட்டத்தட்ட "தாய்" என்று விழும், அக்காவுக்கு "திதி". இருபது பிள்ளைகள் உங்களைச் சுற்றி நின்று தாய், தாய் என்று கூப்பிடும்போது மனசு என்னவோ செய்யும், அதில் மயங்க வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மெயிலில் இவற்றைக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்கள்? கடந்த வருஷம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள்? பெற்றோர் எப்போதெல்லாம் வந்து பார்க்கலாம்? அரசிடம் பதிவு எண் என்ன? தன்னார்வலர்களுக்கான குழந்தைப் பாதுகாப்பு விதிகளை அனுப்ப முடியுமா? நான் கட்டும் பணத்தில் எவ்வளவு யாருக்குப் போகிறது? எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் வந்தால் பாதி நிம்மதி. "எல்லாரும் அனாதைகள், யாரும் இல்லை" என்று ஒரே வரியில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இலங்கை என்றால் இல்லங்களைப் பார்த்துக்கொள்வது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம், நேபாளத்தில் தேசியக் குழந்தைகள் உரிமை மன்றம். அவர்களுக்கு நேரடியாக மெயில் போட்டுப் பதிவைக் கேட்பதில் தப்பே இல்லை.

ஓடி வர வேண்டிய அடையாளங்களும் உண்டு: ஒரு வாரம், ரெண்டு வாரம் வந்தாலும் போதும் என்பவர்கள்; இணையதளம் முழுக்கப் பிள்ளைகளின் முகம்; சாயங்காலம் சுற்றுலாப் பயணிகளுக்கு டான்ஸ்; பிள்ளையைத் தனியாக வெளியே கூட்டிப்போக விடுவது; உங்களைப் பற்றி எதுவும் கேட்காதது. எனக்கு டி-ஷர்ட் அளவு கேட்டார்கள், நான் லார்ஜ் என்று எழுதினேன், அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

உங்கள் கையில் என்ன வேலை இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். பிள்ளையைக் கொஞ்சுவதற்கு ஆள் தேவையில்லை, வருகிறவர் போகிறவர் எல்லாம் கொஞ்சுகிறார்கள். நர்ஸ் என்றால் அங்குள்ள ஊழியர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கலாம், கணக்கு படித்தவர் கணக்குப் புத்தகத்தைச் சீர் செய்யலாம், ஐ.டி.ஐ. முடித்தவர் வயரிங்கைப் பார்க்கலாம், ஆசிரியர் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து பாடம் தயாரிக்கலாம். நீங்கள் போன பிறகும் மிஞ்சுகிற வேலை எதுவோ அது. இதெல்லாம் வேண்டாம், வீட்டிலிருந்தே என்றால் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் இணைய வழி வேலைகள் உண்டு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு மாதிரி, கட்டணம் கிடையாது.

காகித வேலை

நேபாளத்துக்கு நமக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போவதென்றால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வேண்டும், ஆதாரை நம்பிக் கிளம்பி விமான நிலையத்தில் நின்றவர்கள் உண்டு. விசா வேண்டாம் என்பதால் அந்த இல்லத்துக்குத் தன்னார்வலரைச் சேர்க்க அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது, அதைத் தனியாகக் கேளுங்கள். மற்ற நாடுகளில் சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது, சம்பளம் இல்லாவிட்டாலும், சிக்கல்தான். தாய்லாந்தில் தன்னார்வ வேலைக்கும் வேலை அனுமதி கேட்பார்கள். "டூரிஸ்ட்னு சொல்லிட்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்று ஒரு இல்லம் சொன்னால், குடியேற்ற அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லுகிற இடத்தில் பிள்ளைகளின் காகிதம் மட்டும் எப்படிச் சுத்தமாக இருக்கும்?

போலீஸ் சான்றிதழ் கட்டாயம் எடுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும். இதில் ஒரு குழப்பம் உண்டு. பாஸ்போர்ட் சேவா வழியாகத் தரும் பி.சி.சி. என்கிற போலீஸ் சான்றிதழ் நீண்டகால விசா, வேலை, குடியேற்றம் போன்றவற்றுக்குத்தான், சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்குத் தர மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் தனிநபர் சரிபார்ப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு ஆள் வரும், அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் போலீஸைக் கண்டதும் தெருவே கூடிவிடும். நீண்டகால விசா என்றால் நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போய்வர ஒரு நாள் ஒதுக்குங்கள்.

உடம்பும் பையும்

கிளம்புவதற்கு ரெண்டு மாதம் முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். டெட்டனஸ், டைஃபாய்டு, மஞ்சள் காமாலை ஏ, அம்மைத் தடுப்பூசிகள், நாய்க்கடிக்கான முன் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். காசநோய்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், இது உங்களுக்காக இல்லை, அந்தப் பிள்ளைகளுக்காக. ஆப்பிரிக்காவில் கென்யா, உகாண்டா மாதிரி நாடுகள் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி, போவதற்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், அந்த அட்டை இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் உங்களைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள். பயணக் காப்பீடு எடுங்கள், அதில் தன்னார்வ வேலை அடங்குமா என்று பார்த்து எடுங்கள்.

காட்மண்டு சுமார் 1400 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் போனால் ஒரு ஸ்வெட்டர் போதாது. நம் ஊரில் பேச்சிப்பாறைப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற ஆட்கள் நாம். அங்கே சனிக்கிழமைதான் விடுமுறை, கடிகாரம் நம்மைவிடக் கால் மணி நேரம் முன்னால். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60, 1993இலிருந்து அப்படியே நிற்கிறது. நூறு ரூபாய் நோட்டாகக் கொண்டுபோவது எளிது, பெரிய நோட்டுகளுக்கு நெடுநாள் கட்டுப்பாடு இருந்தது, இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு பருப்பும் சோறும், கையால் சாப்பிடுவது, எச்சில் பார்ப்பதும் நம்மைப் போலவே. நேந்திரங்காய் சிப்ஸ் ரெண்டு கிலோ கொண்டுபோய்ச் சமையலறையில் கொடுங்கள், பிள்ளைகள் கையில் நேராகக் கொடுக்காதீர்கள், ஏன் என்று கீழே வருகிறது.

அங்கே இருக்கும்போது

முன்பின் தெரியாத உங்களிடம் ஒரு பிள்ளை முதல் நாளே ஓடிவந்து ஏறிக்கொள்கிறது என்றால் அதைப் பாசம் என்று நினைக்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளையைப் பாருங்கள், புது ஆளைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளியும், அதுதான் இயல்பு. ருமேனியாவில் 1989க்குப் பிறகு வெளியே தெரிந்த இல்லங்களில் இருந்த 136 பிள்ளைகளை வைத்துப் புக்கரெஸ்டில் பல வருஷம் ஆராய்ந்தார்கள். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் இல்லத்திலேயே இருந்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள், ரெண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. ஆள் மாறி ஆள் மாறித் தூக்கினால் பிள்ளை எல்லாரிடமும் ஒட்டும், யாரிடமும் நிலைக்காது. அதனால்தான் அடுத்து வருகிற விதிகள், கொஞ்சம் கடுமையாகத் தெரியும்.

குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, தூங்க வைப்பது எல்லாம் அங்குள்ள ஊழியர் வேலை, நீங்கள் தொட வேண்டாம். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் மிட்டாய், பேனா, பத்து ரூபாய் என்று கொடுத்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் அங்கே அடிதடி நடக்கும், எதுவானாலும் வார்டன் கையில். போட்டோ வேண்டாம். முகத்தை மறைத்துப் போட்டாலும் வேண்டாம். நம் நாட்டில் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவே பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது, அடுத்த நாட்டுப் பிள்ளைக்கு மட்டும் அந்த மரியாதை இல்லையா? அம்மா எங்கே, அப்பா எப்படி இறந்தார் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். கேட்க வேண்டியதை நிர்வாகியிடம், கிளம்புவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

அடிப்பதையோ, பட்டினி போடுவதையோ, வேறு தவறையோ பார்த்தால் தேதி, நேரத்தோடு எழுதி வைத்து வெளியே சொல்லுங்கள். நேபாளத்திலும் குழந்தைகள் உதவி எண் நம் ஊர் மாதிரியே 1098, இலங்கையில் 1929. நான் இருந்த இடத்தில் சமையல்கார அக்கா சொன்னதை ஒரு தாளில் எழுதி அங்குள்ள குழந்தைகள் நல அலுவலகத்தில் கொடுத்தேன். ஏஜென்சிக்காரர் கோபப்பட்டார், பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு, காகிதம் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதற்கு அந்த அரசு தடை போட்டது.

கிளம்பும்போதும் பிறகும்

என்றைக்குப் போகிறேன் என்பதை வந்த முதல் வாரமே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். கடைசி நாள் இரவில் சொல்லாமல் கிளம்புவது பிள்ளைகளுக்கு நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள், கேட்டுக்குப் பக்கத்தில் மூன்று நாள் நின்றவன் சொல்கிறேன், நல்லதில்லை. "திரும்ப வருவேன்" என்று சொல்லாதீர்கள், டிக்கெட் கையில் இருந்தால் தவிர. உங்கள் வாட்ஸ்அப் எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், கடிதம் எழுதுவதென்றால் இல்லத்துக்கு, எல்லாருக்கும் பொதுவாக.

ஊருக்கு வந்ததும் சபையில், கல்லூரியில் பேசக் கூப்பிடுவார்கள். பேசுங்கள், ஆனால் "பாவம் அந்த அனாதைகள்" என்று தொடங்காதீர்கள். பணம் திரட்டி அனுப்ப ஆசையிருந்தால், பிள்ளைகளை வீடு சேர்க்கிற வேலைக்கு என்று எழுதிக் கேட்டு, கணக்கு கேட்டு, வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள்.

அந்தப் பையனைத் தேடி அவன் ஊருக்கு ஆள் போனதாகச் சமையல்கார அக்கா பிறகு ஒருதடவை போனில் சொன்னார். கூட்டிப்போனார்களா என்று கேட்டேன். லைன் சரியில்லை, அந்தப் பக்கம் "ஆமா" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. அது இந்த ஊர் ஆமாவா அந்த ஊர் ஆமாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.